மடியரிசிக்கு மறுநாள் ஆபரேஷன்

ஆட்டோவில் ஒரு பக்கம் அரிசி மூட்டை, ஒரு பக்கம் மல்லேஷ், நடுவில் ஸ்வரூபா. மூட்டை பேசாமல் வந்தது. மல்லேஷ்தான் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தான்.

"அங்க போயி வாயத் திறக்காத. அரிசியைப் போட்டோமா, பகாரா சோறு தின்னோமா, கிளம்பினோமான்னு இருக்கணும்."

"உங்க தங்கச்சி வயித்தை நாளைக்குக் கிழிக்கப் போறாங்க. நான் சோறு தின்னுட்டு ஏப்பம் விட்டு வரணுமா?"

"கிழிக்கறதுன்னு ஏன் சொல்ற? ஆபரேஷன்னு சொல்லு. எல்லாத்தையும் கங்காராம் பாவா பாத்துக்கறாரு."

"அவர் பாத்துக்கறதுதான் எனக்கு பயமா இருக்கு."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். மல்லேஷ் வாயை மூடிக்கொண்டான். அவன் கெட்டவனில்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவன்தான். ஆனால் நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேச வேண்டும் என்றால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இது ஜமுனாவுக்கு மடியரிசி போட வேண்டிய வருஷம். அண்ணன் வீட்டிலிருந்து மஞ்சள் கலந்த அரிசியும் கொப்பரையும் பேரீச்சையும் புதுப்புடவையும் கொண்டுபோக வேண்டும். ஐந்து சுமங்கலிகள் அதை அவள் மடி கொள்ளாமல் அள்ளிப் போட வேண்டும். தசரா கழியட்டும் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் ஆபரேஷன் ஆனவள் கனம் தூக்கக் கூடாதாம். மடி நிறைய அரிசியோடு எழுந்து நடக்க முடியாதாம். அதனால் கர்ப்பப்பையை எடுப்பதற்கு முந்தின நாளே மடியை நிரப்பிவிடலாம் என்று ஜமுனாவின் மாமியார் லச்சவ்வா நாள் குறித்துவிட்டாள். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல?

புடவை எடுக்கிற சாக்கில் ஸ்வரூபா நாத்தனாரை ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதைப் போன வாரம் பார்த்தோம். ஸ்கேன் எடுத்து, உள்ளே கருவி வைத்துப் பார்த்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னது ஸ்வரூபாவின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"கர்ப்பப்பை வாயில சின்னதா ஒரு சதை வளர்ந்து தொங்குதும்மா. மல்லி மொட்டு அளவுதான். உரசினா ரத்தம் வரும். அதான் உனக்கு நடுநடுவுல படுது. வெளி நோயாளியா வந்து படுத்தியானா இடுக்கியால திருகி எடுத்துடுவேன். ஒரு டீ குடிக்கற நேரம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவோம், அது வழக்கம். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. அப்புறம் சுவத்துல நெல்லிக்கா அளவு ஒரு தசைக்கட்டி இருக்கு. நிறைய பொம்பளைங்களுக்கு இருக்கறதுதான். தொல்லை பண்ணாத வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டும், மாசம் நின்னா தானே சுருங்கும். முப்பத்திநாலு வயசுல இதுக்குப் போயி எவன் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னது?"

எவன் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. கங்காராம் ஜமுனா புருஷனின் அண்ணன், சொந்த மனுஷனாயிற்றே.

பிறகு டாக்டரம்மா ஸ்வரூபா பக்கம் திரும்பினாள். "உனக்கு எடுத்தாச்சுன்னியே, சூல்பையையும் எடுத்துட்டாங்களா, விட்டு வெச்சாங்களா?"

"தெரியலம்மா."

"தெரியலையா?"

தெரியாதுதான். இருபத்தெட்டு வயதில், வெள்ளைப்படுகிறது என்று போனவளை, "உள்ள கட்டி. பீடிப் புகையிலை நெடி ஏறி கர்ப்பப்பை வெந்து போச்சு" என்று கங்காராம்தான் டவுன் நர்ஸிங்ஹோமுக்கு வண்டி ஏற்றினார். அடுத்த வருஷமே உடம்பு தீப்பிடித்த மாதிரி வியர்க்க ஆரம்பித்தது. பிறகு எலும்பெல்லாம் நொந்தது. பீடி சுற்றுவதற்குச் சம்மணம் போட்டால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும். தன் வீட்டில் எத்தனை டம்ளர் இருக்கிறது என்று ஸ்வரூபாவுக்குத் தெரியும். தன் வயிற்றில் என்ன மிச்சமிருக்கிறது என்று தெரியாது. யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்றும் யாரும் சொல்லித்தரவில்லை.

ஜமுனாவோ, "வீட்ல கேட்டுட்டு வரேம்மா" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டின்னு சொல்லிட்டாங்களே அண்ணி, அது கேன்சரா மாறிடுச்சுன்னா என் பிள்ளைங்களுக்கு யாரு?" என்று அழுதாள். இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கட்டி என்ற சொல் அவள் மனசில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

ஆட்டோ நின்றது.

வாசலில் பீடி முறங்கள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தெருப் பெண்கள் இன்றைக்கு அரைநாள் வேலையை விட்டு வந்திருந்தார்கள். கொல்லையில் ஆட்டுக்கறி கொதித்தது. லச்சவ்வா மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வா புள்ள, வா. மருமக உள்ள இருக்கா. சீக்கிரம் புடவையைக் கட்டி விடு, நல்ல நேரம் போயிடும்" என்றாள்.

கூடத்தில் இரண்டு மணைகள் போட்டாயிற்று. ஒன்று ஜமுனாவுக்கு. இன்னொன்றில் புருஷன் உட்கார வேண்டும். ராஜேசம் மஸ்கட்டில் கட்டட வேலையில் இருக்கிறான். அவனை எங்கே உட்கார வைக்க? மணை மேல் அவன் துண்டை மடித்துப் போட்டு, பித்தளைச் செம்பில் செல்போனைச் சாய்த்து, வீடியோ காலில் உட்கார வைத்திருந்தார்கள். ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான். "அக்கா, பிரயாணம் சௌக்கியமா?" என்றான். "சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு ஸ்வரூபா உள்ளே போனாள்.

ஜமுனா சுவரோடு ஒட்டி நின்றாள். புதுப்புடவையை நீட்டினால் கை நீளவில்லை.

"என்னடி?"

"அண்ணி, மறுபடியும்."

"மாத்திரை போடறேன்னியே?"

"அஞ்சு நாளா போடறேன். தள்ளிப்போடற மாத்திரை. பாவாதான் குடுத்தாரு, விசேஷம் முடியற வரைக்கும் வராதுன்னு. நேத்து ராத்திரிலேர்ந்து படுது."

ஸ்வரூபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாசத்தைத் தள்ளத்தாண்டி அந்த மாத்திரை. சதை உரசி வர ரத்தத்துக்கு அது என்ன பண்ணும்? டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்களா இல்லையா?"

"மெதுவா பேசுங்க."

மெதுவாகப் பேசியும் பயனில்லை. லச்சவ்வா வாசற்படியில் நின்றிருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள், கீழே கிடந்த துணியைப் பார்த்தாள், ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"ராஜன்னா சாமி! தீட்டோடயா மணையில உக்கார இருந்தே? ஐயோ, அரிசி மூட்டை உள்ள வந்திடுச்சே! ஏய், யாரு அங்க, கங்காராமைக் கூப்பிடு!"

அவ்வளவுதான். கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. மஸ்கட்டுக்கும் தெரிந்தது. "என்னாச்சு? என்னாச்சு?" என்று செல்போன் கத்தியது.

கங்காராம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தார். ராஜேசத்துக்கு மூத்தவர். ஊருக்குள் ஊசி போட்டே டாக்டரானவர். சலவைச் சட்டை, பையில் இரண்டு பேனா, எப்போதும் சிரித்த முகம். கெட்டவன் என்றால் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் கங்காராமை ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். பாதி ராத்திரியில் கூப்பிட்டாலும் வருவார். ஜுரத்துக்குக் கைராசி. டவுன் நர்ஸிங்ஹோமுக்கு எத்தனை பேரை அனுப்புகிறாரோ அத்தனைக்கும் அவருக்குக் கமிஷன் உண்டு என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்தும் தெரியாத சங்கதி.

"இதுக்குத்தான் நான் தலபாடா அடிச்சுக்கறேன்" என்றார் அவர், கோபமே இல்லாமல். "மாத்திரைக்கும் அடங்கலேன்னா கட்டி எவ்வளவு முத்தியிருக்குன்னு பாத்துக்கோங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி வரும். எடுத்து வீசிட்டா இந்தத் தொல்லையே இல்ல. தீட்டும் இல்ல, துணியும் இல்ல. எல்லாப் பண்டிகையும் முன்கட்டுலயே."

"என் பொண்டாட்டியைப் பாருங்க" என்று தொடர்ந்தார். "சுகுணாவுக்கும் இதே கட்டிதானே? எடுத்து எத்தனை வருஷமாச்சு? தேக்கு மரம் மாதிரி நிக்கறா. என் வீட்டுப் பொம்பளைக்கே பண்ணினவன் ஊருக்குக் கெடுதலா பண்ணுவேன்?"

பெண்கள் தலையாட்டினார்கள். இந்த ஒரு பேச்சுக்குத்தான் தெருவே அவரிடம் வயிற்றை ஒப்படைத்தது. ஸ்வரூபாவும் அன்றைக்கு இதைக் கேட்டுத்தான் வண்டி ஏறினாள். அரிசி போட வந்திருந்த ஐந்து சுமங்கலிகளில் சுகுணாவைச் சேர்த்து அத்தனை பேரும் ஆபரேஷன் ஆனவர்கள்தான்.

சுகுணா விளக்குத் தட்டோடு மணை அருகில் நின்றிருந்தாள். புருஷன் தன்னைக் காட்டிப் பேசும்போதெல்லாம் செய்வதுபோல, திரியைத் தூண்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

அறைக்குள்ளிருந்து ஜமுனாவின் குரல் வந்தது. "எடுத்துடுங்க பாவா. எனக்கு வெறுத்துப்போச்சு. ரெண்டு வருஷமா பதுக்கம்மா ஆடல. ஊரே பூ அடுக்கிப் பாடறப்ப நான் கொல்லையில உக்காந்திருந்தேன். என் பொண்ணு கேக்கறா, நீ மட்டும் ஏம்மா தொடக் கூடாதுன்னு. எடுத்துடுங்க."

ஸ்வரூபா அதைக் கேட்டதும் ஒரு நிமிஷம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் பயந்து மட்டும் சம்மதிக்கவில்லை, களைத்துப்போய்ச் சம்மதிக்கிறாள். அதுதான் அவளை அறுத்தது. நோயைவிட நோய்க்குக் கொடுத்த மரியாதை ஒருத்தியை இப்படிக் களைக்க வைத்திருக்கிறது.

மல்லேஷ் கண்ணால் கெஞ்சினான். ஸ்வரூபா அவனைப் பார்க்கவே இல்லை.

"அது தீட்டு இல்ல" என்றாள்.

"என்ன சொன்னே?" என்றாள் லச்சவ்வா.

"தீட்டே இல்லேன்னு சொன்னேன் அத்தை. கர்ப்பப்பை வாயில ஒரு சின்ன சதை தொங்குது. அது உரசி ரத்தம் வருது. பல் ஈறுல ரத்தம் வந்தா நீங்க கோயிலுக்குப் போகாம இருக்கீங்களா? வெத்திலை போடாம இருக்கீங்களா? ரெண்டு வருஷமா ஒருத்தியைக் கொல்லையில உக்கார வெச்சீங்களே, இதுக்கா?"

"உனக்கு யாரு சொன்னா?" கங்காராமின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது.

"ஜில்லா ஆஸ்பத்திரி டாக்டரம்மா. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

கூடம் குளவிக்கூடு ஆயிற்று. "யாரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போனே?" என்று லச்சவ்வா. "எனக்கு ஏன் சொல்லல? ஜமுனா! எனக்கு ஏன் சொல்லல?" என்று செம்போடு ஆடிய செல்போன். "நான் சொன்னேனில்ல, நான் சொன்னேனில்ல" என்று யாரிடமென்று இல்லாமல் மல்லேஷ்.

கங்காராம் கையை உயர்த்தினார். "இருங்க, இருங்க. கோபப்படாதீங்க. ஸ்வரூபாம்மா, நீ நல்லதுக்குத்தான் செஞ்சே. ஆனா அங்க வரிசையில நிக்கற ஜனத்துல அந்தம்மா ஒருத்தரை எவ்வளவு நேரம் பார்ப்பாங்க? இன்னைக்குச் சின்ன சதைம்பாங்க, நாளைக்கு அது புத்தா வெடிக்கும். அப்ப அந்தம்மா வந்து இந்தப் பிள்ளைங்களை வளர்ப்பாங்களா?"

"திருகி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க அண்ணா. என்னன்னு பார்த்துத்தான் அடுத்தது பேசுவாங்க. நீங்க என்ன பரிசோதனை பண்ணீங்க? ஜமுனாவை யாராவது கருவி வெச்சுப் பாத்தாங்களா? வயித்து மேல ஒரு ஸ்கேன், உடனே வெட்டு. எனக்கும் அப்படித்தானே?"

"உனக்கு உயிர் பிழைச்சதே பெரிசு."

"என்ன இருந்துச்சு எனக்கு?"

"கட்டி."

"என்ன கட்டி? எவ்வளவு பெரிசு? எங்க இருந்துச்சு?"

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியுமா?"

"புரிஞ்சுடுச்சே அண்ணா, டாக்டரம்மா சொன்னப்ப! அவங்க தெலுங்குலதான் சொன்னாங்க!"

பின்னால் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கங்காராமின் சிரிப்பு முதல் முறையாகக் கழன்றது.

"மல்லேஷ்! உன் பொண்டாட்டியை அடக்கறியா? தம்பி ஊர்ல இல்லாத வீடு. ராத்திரி பகல் பாக்காம காவல் காக்கறவன் நான். வந்தவ என்னை நடுக்கூடத்துல நிக்க வெச்சு விசாரணை பண்றா! ராஜேசம், நீயே சொல்லு. உன் பொண்டாட்டி விஷயம். நாளைக்கு வண்டி வரட்டுமா, வேணாமா?"

செல்போனில் ராஜேசம் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அண்ணன் சொல்றபடியே செய்ங்க" என்றான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் இங்க இருந்துட்டு என்னத்தைப் பாக்க முடியும்? அண்ணன்தான் எல்லாம். அண்ணியை எடுத்துக்கிட்டா கண் முன்னாடியே சாட்சி இருக்கு."

முடிந்தது என்றுதான் ஸ்வரூபா நினைத்தாள். புருஷன் சொன்னான், மூத்தவர் சொன்னார், மாமியார் சொன்னாள், படுகிறவளும் சரி என்றாள். பிறகு தான் யார்? அரிசி கொண்டுவந்தவள். இத்தனை பேரும் நல்லவர்களாகவே இருந்துகொண்டு ஒருத்தியை வெட்ட அனுப்புகிறார்களே என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. யாரும் பார்க்கக் கூடாது என்று தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"விளக்கை உள்ள எடுத்து வைங்க" என்றார் கங்காராம். "தீட்டுன்னா விசேஷம் வேணாம். அரிசியைக் கட்டி மேல வெச்சு, ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சுப் போட்டுக்கலாம். எல்லாரும் சாப்பிடுங்க."

விளக்கு நகரவில்லை.

"சுகுணா, காது கேக்கலையா? விளக்கை உள்ள எடு. இங்க தீட்டு."

சுகுணா தட்டைப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள்.

"நானும் அதே தீட்டுதான்" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. லச்சவ்வா, "என்னடி உளர்றே?" என்றாள்.

"இன்னைக்கு எனக்கு மூணாம் நாள் அத்தை. இந்த விளக்கை ஏத்தினது நான்தான். காலைல பூஜை மாடத்துக்குப் பொட்டு வெச்சதும் நான்தான்."

"உனக்கு எங்கேடி மூணாம் நாள்? உனக்குத்தான் எடுத்தாச்சே!"

"எடுக்கல."

"சுகுணா, வீட்டுக்குப் போ" என்றார் கங்காராம்.

"எடுக்கல அத்தை. எனக்கும் இதே மாதிரி ரத்தம் போச்சு. ஞாபகமிருக்கா, நானும் இவரும் வேமுலவாடா ராஜன்னா தரிசனத்துக்குப் போறோம்னு போனோமே? கோயிலுக்குப் போகல. ஹைதராபாத் போனோம். அங்க பெரிய டாக்டர் பார்த்தாரு. கீழ வழியா அந்தச் சதையை மட்டும் எடுத்தாரு. சுவத்துல இருக்கற கட்டிக்கு மாத்திரை குடுத்தாரு. கர்ப்பப்பையை எடுத்துடலாமான்னு இவரே கேட்டாரு. 'எதுக்குய்யா, உன் வீட்டுப் பொம்பளை நல்லா இருக்க வேணாமா'ன்னு அந்த டாக்டர் திட்டினாரு. சாயங்காலமே வெளிய வந்துட்டோம். வர வழியில வேமுலவாடாவுல லட்டு பிரசாதம் வாங்கித் தெரு முழுக்கக் குடுத்தோம்."

தெரு முழுக்க அந்த லட்டைத் தின்றிருந்தது.

"அப்புறம் ஊர்ல வந்து இவரு சொன்னாரு, எடுத்தாச்சுன்னு சொல்லு, அப்பதான் மத்தவங்களுக்கு தைரியம் வரும்னு. நான் சொன்னேன். அதுலேர்ந்து மாசாமாசம் ஒளிஞ்சு ஒளிஞ்சு துணி அலசறேன். எடுத்தவளாச்சே, ஒதுங்கி உக்காந்தா கேப்பாங்களே! அதனால பண்டிகைன்னாலும் பூஜைன்னாலும் முதல் விளக்கு என் கைதான். எந்த சாமியும் என்னைக் கண்ணைக் குத்தல. ஜமுனா கொல்லையில உக்காந்திருந்த பதுக்கம்மாவுக்கு நான் பூ அடுக்கினேன் அத்தை. அன்னைக்கும் எனக்கு ரெண்டாம் நாள்."

லச்சவ்வா உட்கார்ந்துவிட்டாள். எதற்காக என்று அவளுக்கே தெரிந்திருக்காது. விளக்கு தீட்டானதற்கா, மூத்த மகனுக்கா.

ஸ்வரூபா சுகுணாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்துவிடலாம்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. இந்த வாய் பதினோரு வருஷத்துக்கு முன்னால் திறந்திருந்தால் தன் முழங்கால் இன்று தன்னுடையதாக இருந்திருக்கும். ஆனால் திறக்கவிடாத கை யாருடையது என்பதும் தெரிந்தது. அந்தக் கை இப்போது சுகுணாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு வா. பேசிக்கறேன்" என்றார் கங்காராம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கையை விடுங்க அண்ணா." ஸ்வரூபா நடுவில் வந்து நின்றாள். "அக்கா இன்னைக்கு இங்கதான் சாப்பிடுவாங்க. அஞ்சு சுமங்கலியில ஒருத்தி இல்லாம எப்படி?"

"அண்ணா" என்றது மணை மேலிருந்த செல்போன். ராஜேசத்தின் குரல் கம்மிப்போயிருந்தது. "அண்ணா, அண்ணி சொல்றது நிஜமா? உங்க வீட்டுக்கு ஹைதராபாத், என் வீட்டுக்கு டவுனா?"

கங்காராம் போனைக் கவிழ்த்து வைத்தார். மல்லேஷ் அதை எடுத்து நிமிர்த்தி மறுபடியும் செம்பில் சாய்த்தான். அவ்வளவுதான் செய்தான். ஆனால் மல்லேஷுக்கு அதுவே பெரிசு. ஸ்வரூபா அதைப் பார்த்தாள்.

அறைக் கதவு திறந்தது. ஜமுனா புதுப்புடவை கட்டியிருந்தாள். கொசுவம் ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே வந்து மணையில் உட்கார்ந்தாள். முந்தானையை மடியில் விரித்தாள்.

"போடுங்க அண்ணி" என்றாள்.

"தீட்டு..." என்று லச்சவ்வா ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். மருமகள்கள் இரண்டு பேரில் யாரைச் சொல்வது?

"நாளைக்கு நான் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போறேன். அந்தச் சதையை மட்டும் எடுத்துக்கறேன். பரிசோதனைல என்ன வருதோ வரட்டும். நல்லதா வந்தாலும் கெட்டதா வந்தாலும் என்னன்னு எனக்குத் தெரிஞ்சு, நான் சரின்னு சொன்னாதான் மேல எதுவும்." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "பாவா, காலைல வண்டி வேணாம்."

ஸ்வரூபா மூட்டையை அவிழ்த்துத் தாம்பாளத்தில் கொட்டினாள். மஞ்சள் அரிசி குவிந்தது. முதல் கையை அவளே அள்ளிப் போட்டாள். கொப்பரை உருண்டு ஜமுனாவின் மடியில் விழுந்தது. அடுத்து சுகுணா. விளக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். ஜமுனா நிமிர்ந்து ஓரகத்தியைப் பார்த்தாள்.

மூன்றாவது பூமவ்வா. எதிர் வீட்டுக்காரி. கூடத்தில் இத்தனை ரகளை நடந்தும் அவள் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. அவள் அப்படித்தான். முறத்தை மடியில் வைத்தால் பொழுது சாயும்வரை தலை நிமிராமல் பீடி சுற்றுகிறவள். கல்யாணமாகி ஆறாம் வருஷம், பிள்ளை இல்லையே என்று மருந்து கேட்கப் போனவளைத்தான் கங்காராம் வண்டி ஏற்றினார். கட்டி என்றார்கள், எடுத்தார்கள், உயிர் தப்பியது என்று ஊரே சொன்னது. புருஷன் அவளைத் தள்ளி வைக்கவில்லை என்பதற்காக அவனை ஊரே மெச்சியது.

பூமவ்வா கை நிறைய அரிசியை அள்ளினாள். போடவில்லை. அப்படியே வாசல் பக்கம் திரும்பினாள். கங்காராம் அங்கே குனிந்து, குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்றாள். சண்டைக் குரல் இல்லை. வழி தெரியாதவள் கேட்கும் குரல். "அப்படின்னா எனக்கு எதுக்குப்பா எடுத்தே?"

அவருக்கு ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை.

"எனக்கு?" என்றாள் அவள் பக்கத்தில் நின்றவள்.